மூலைவிட்டத்தை முதலில் இழு

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள மகளுக்கு,

பேரன் போட்ட கணக்கைப் பார்த்தேன். மனையின் பக்கங்கள் வரிசையாக 39, 60, 51, 30 அடி. எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, 45-ஐ 45-ஆல் பெருக்கி 2,025 சதுர அடி என்று எழுதியிருக்கிறான். பெருக்கலில் பிழையில்லை, வழிதான் தப்பு. மனை பேசும்போது பெரியவர்களே இப்படி வாய்க்கணக்குப் போடுவதுண்டு. செவ்வகத்துக்கு மட்டும்தான் இது சரிவரும். மற்ற எந்த நாற்கரத்துக்கும் கூடுதலாகத்தான் காட்டும்; நஷ்டம் வாங்குகிறவருக்கு.

துடைப்பத்திலிருந்து நான்கு ஈர்க்குச்சி உருவி, முனைகளை நூலால் கட்டச் சொல். ஒரு மூலையைத் தள்ளினால் அப்படியே சப்பையாகச் சாயும். குச்சிகளின் நீளம் மாறவில்லை, உள்ளே இருந்த இடம் மட்டும் சுருங்கிவிட்டது. எதிர்மூலைகளைச் சேர்த்து ஐந்தாவது ஈர்க்கைக் கட்டினால் பிறகு அசையாது. அந்த ஐந்தாவதுதான் மூலைவிட்டம். அது தெரியாமல் நான்கு பக்கத்தை மட்டும் வைத்துப் பரப்பளவு சொல்லவே முடியாது.

இந்த மனையில் 39-ம் 30-ம் சேரும் மூலையிலிருந்து எதிர்மூலைக்கு 63 அடி. அந்தக் கோட்டிலிருந்து மற்ற இரு மூலைகளுக்கும் செங்குத்துத் தூரம் 36, 24. மூலைவிட்டம் மனையை இரண்டு முக்கோணமாக்குகிறது, இரண்டுக்கும் அடிப்பக்கம் அந்த 63-தான்; உயரங்களைக் கூட்டினால் 60. 63 × 60 ÷ 2 = 1,890 சதுர அடி. வித்தியாசம் 135. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்றால், கால் சென்டுக்கு மேலேயே போயிற்று!

பிள்ளைகள் சறுக்குவது உயரத்தில். 36-க்குப் பதிலாகச் சாய்ந்த பக்கமான 39-ஐப் போட்டுவிடுவார்கள். மூலைமட்டத்தின் ஒரு விளிம்பு மூலைவிட்டத்தின் மேல் அச்சாகப் படிய வேண்டும். தரையில் அளந்தால், டேப்பின் நுனியை மூலைக்கல்லில் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தை மூலைவிட்டக் கயிற்றின்மேல் இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்க்கலாம். மிகக் குறைவாகக் காட்டுவதே செங்குத்து. டேப் தொய்ந்தால் அளவு கூடும்.

சர்வேயர் நிலத்தை அளந்து வரையும் புலப்படமும் இதே முறைதான். கெடில ஆற்றங்கரையோரம் வளைந்து போகும் வரப்பென்றால், ஒரே கோட்டிலிருந்து பல செங்குத்துகள் எடுப்பார்கள். அடுத்தடுத்த இரண்டுக்கு நடுவே கிடைப்பது சரிவகம்: இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி இடைவெளியால் பெருக்க வேண்டும். மூலை உள்ளே குழிந்திருந்தால் வெளியே விழும் முக்கோணத்தைக் கழிக்க வேண்டும். சதுர மீட்டரைச் சதுர அடியாக்க 10.76-ஆல் பெருக்கச் சொல், பலர் 3.28-ஆல் பெருக்கிவிடுகிறார்கள்.

இந்த மனையை 5 அடிக்கு 1 செ.மீ. என்று அவனே வரையட்டும். மூலைவிட்டம் 12.6 செ.மீ.; அதன் ஒரு பக்கத்தில் முதல் முனையிலிருந்து 7.8, மறுமுனையிலிருந்து 12, எதிர்ப்பக்கத்தில் அதேபோல் 6, 10.2 என்று கவராயத்தால் வில் வெட்டினால் மற்ற இரு மூலைகளும் கிடைத்துவிடும். பிறகு இன்னொரு மூலைவிட்டத்தை வைத்தும் பரப்பளவு போடட்டும். 20, 30 சதுர அடி தள்ளி வந்தால் அது பென்சில் கோட்டின் கனம். அதற்கு மேல் போனால் மூலைமட்டம் சாய்ந்திருக்கிறது, திரும்ப வைத்துப் பார்க்கச் சொல்.

அன்புடன்,
அப்பா