மாமாவுக்கு ஊசி ஏன் போடவில்லை

கண்ணு,

போனில் நீ பொரிந்து தள்ளியபோது பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. "பக்கவாதம் வந்தவரை நாலரை மணி நேரத்துக்குள்ள கொண்டுபோய்ச் சேர்த்தும் மூளை அடைப்பு கரைக்கிற ஊசியை ஏம்மா போடலை?" என்று கேட்டாய். நியாயமான கேள்வி. நர்ஸ் வேலையில் இருந்தவரை நானும் எல்லோருக்கும் அதைத்தான் சொன்னேன். ஆனால் உன் மாமாவுக்கு அந்த ஊசி எமன்.

ஏற்காட்டில் மிளகுக் கொடி பார்த்துக்கொண்டிருந்தவருக்குத் தோள்பட்டைகளுக்கு நடுவே கிழிக்கிற மாதிரி வலி. வாயுப்பிடிப்பு என்று ஓமத்தண்ணீர் குடித்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் இடது கையும் காலும் விழுந்து, வாய் கோணிவிட்டது. 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் வந்து சேர்ந்தபோது எல்லோரும் கை, கால் பற்றியே பேசினோம். முதுகு வலியைச் சொன்னது அத்தைதான்.

அங்கிருந்த டாக்டர் பெண்ணுக்கு உன் வயதுகூட இருக்காது. அதைக் கேட்டதும் இரண்டு கையிலும் பிரஷர் பார்த்தாள். இடது கையில் 150, வலது கையில் 90. வலது மணிக்கட்டில் நாடியே தட்டுப்படவில்லை. தலை ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை, ஊசி போட வேறு தடையும் தெரியவில்லை. ஆனாலும் ஊசியை நிறுத்திவிட்டு, நெஞ்சிலிருந்து தலைவரை மருந்து ஏற்றி ஸ்கேன் எடுக்கச் சொன்னாள். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான பெருந்தமனியின் உட்சுவர் கிழிந்து, சுவருக்குள்ளேயே ரத்தம் புகுந்து, வலது கழுத்துக் குழாய் வரை பிளந்துகொண்டு போயிருந்தது. மூளைக்கு ரத்தம் குறைந்தது அதனால்தான். ஊசி போட்டிருந்தால், கிழிந்த சுவரைச் சுற்றி உறைந்து ஒட்டிப்பிடித்திருந்த ரத்தமும் இளகி, இதய உறைக்குள் கொட்டி இதயத்தை அமுக்கியிருக்கும். நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்யும்போதும் ரத்தம் நிற்காது. சிலருக்கு வலியே இல்லாமலும் இந்தக் கிழிசல் வரும், வில்லங்கமே அங்கேதான்.

அன்றிரவே ஆபரேஷன் முடிந்தது. இடது விரல்களை இப்போது மடக்குகிறார், பேச்சு இன்னும் குழறுகிறது. இந்த நோய்க்கு ஆபரேஷன் வகுத்த அமெரிக்க டாக்டர் மைக்கேல் டிபேக்கிக்கே 97 வயதில் இது வந்து, ஆபரேஷன் செய்து பிழைத்தார் என்று சொன்னேன். "அப்ப எனக்கு இன்னும் வயசு இருக்கு" என்கிறார். பிரஷர் மாத்திரையைப் பாதியில் விட்டவருக்கு வாய்க்குக் குறைச்சலில்லை!

கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும் பெருந்தமனியைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். நானும் உன் மாமா பிள்ளைகளும் எக்கோ எடுக்கப்போகிறோம். நீ பிரஷராவது பார், இரண்டு கையிலும். எண்களை வாட்ஸ்அப்பில் அனுப்பு. அந்த டாக்டர் மேல் புகார் எழுதப்போவதாகச் சொன்னாயே, அதை விட்டுவிடு. ஊருக்கு வரும்போது நேரில் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருவோம்.

அம்மா