செயலாளரின் ஆண்டறிக்கை: ரயில் மாதிரிச் சங்கம், வேலூர்

அவையோர்க்கு வணக்கம்.

பொதுக்குழு, ஆயுத பூஜை, பள்ளிப் பிள்ளைகளுக்கான ஞாயிறு காட்சி எல்லாம் வழக்கம்போல் நடந்தன. மாதக் கூட்டங்களுக்கு வந்தவர்கள் பெயர் வருகைப் பதிவேட்டில் உண்டு. படித்து முடிக்க நேரம் ஆகாது.

இவ்வாண்டின் வேலை என்றால் நம் மாதிரியில் காட்பாடி – வேலூர் கன்டோன்மென்ட் ரயில் பாலத்தின் கீழே பாலாறு அமைத்ததுதான். கரைபுரளத் தண்ணீர் வேண்டும் என்றார்கள் சிலர். 2021 நவம்பர் வெள்ளம் மாதிரி வந்தால் உண்டு. மற்ற நாளில் நம் பாலாறு மணல்தானே? ஆகவே பெரும்பகுதி சலித்த மணல், ஓரமாக 12 செ.மீ. அகலத்தில் நீரோட்டம். தண்ணீருக்கு ரெசின், அதாவது ஊற்றினால் கண்ணாடிபோல் இறுகும் பிசின். 1:87 அளவில், அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்கில், 3 மி.மீ. அடுக்கு ஒன்று நிஜத்தில் 26 செ.மீ. ஆழம், இரண்டு அடுக்கு தாராளம். 150 செ.மீ. நீளத்துக்கு அடுக்குக்கு 540 மி.லி.; கோப்பையில் ஒட்டி வீணாவதையும் சேர்த்து 600 மி.லி.

வேலை நடந்தபோது எட்டிப் பார்க்காதவர்களுக்காகச் செய்முறையையும் பதிவு செய்கிறேன். தண்ணீரின் நிறம் ரெசினில் இல்லை, அடியில் பூசும் பெயிண்டில் இருக்கிறது: நடுவில் பச்சை கலந்த கரும்பழுப்பு, ஓரம் வர வர மணல் நிறம். மணல் ஒட்டப் பெவிகாலும் தண்ணீரும் சரிபாதி, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. நன்றாகக் காயாமல் ஊற்றினால் ரெசின் வெளுத்துவிடும். பிளாஸ்டர் தரைக்கு மேலும் ஒரு பூச்சு வேண்டும். இல்லாவிட்டால் அதன் துளைகளிலிருந்து குமிழி வந்துகொண்டே இருக்கும். லேஅவுட் (மாதிரி அமைந்த மேசை) விளிம்பில் அக்ரிலிக் பட்டையைச் சிலிகோன் பசை வைத்து அடைத்து, முதலில் அங்கே மட்டும் கொஞ்சம் ரெசின் விட்டு இறுகவிட வேண்டும். ஊசித்துளை இருந்தாலும் ரெசின் கண்டுபிடித்துவிடும், காலையில் தரையில் பார்க்கலாம்.

ரெசினை இறுக வைக்கக் கலக்கும் ஹார்டனரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகும் என்பது தவறு, பிசுபிசுப்புத்தான் மிஞ்சும். டப்பாவில் போட்ட விகிதப்படி அளந்து, மெதுவாகக் கலக்கி, வேறு கோப்பைக்கு மாற்றி மறுபடி கலக்க வேண்டும். குமிழி போக ஹீட் கன் (சூடான காற்று ஊதும் கருவி) ஒரு வீச்சு போதும். கிட்டே பிடித்தால் பாலத்தின் பிளாஸ்டிக் கர்டர் வளையும். கரையோரம் ரெசின் ஏறிப் பளபளத்த இடத்தில் மேட் வார்னிஷ் தடவி மணல் தூவினோம். அலைக்கு, இறுகிய பின் பளபளப்பு ஜெல்லைத் தூரிகையால் ஒத்தி எடுத்தால் சரி.

வரவும் செலவும் ஏறத்தாழச் சமம். விவரம் பொருளாளரிடம் கேட்கலாம். ரெசின் செலவில் ஒரு பகுதியை மூவர் கைக்காசிலிருந்து போட்டார்கள், அது கணக்கில் வராது. சந்தா பாக்கி உள்ளவர்கள் பெயரை இங்கே வாசிக்கப் போவதில்லை. பட்டியல் பலகையில் இருக்கிறது.

இடம் தந்தவர்களுக்கும், தேநீர் கொண்டுவந்தவர்களுக்கும், தலைவருக்கும் நன்றி.

அடுத்து திருவலம் பொன்னையாற்றுப் பாலம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ரெசின் மேல் பிசுக்குப் படலம் கட்டும்; சித்திரை வெயிலில் கோப்பையிலேயே சூடேறி இறுகிவிடும். தையும் மாசியும்தான் நமக்கு வாய்த்த காலம். அப்படியானால் மார்கழிக்குள் ரெசின் வாங்கியாக வேண்டும், கடைக்காரர் கடன் தருவதில்லை. பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசல் பக்கமே உட்கார்ந்திருக்கிறார்.

செயலாளர்