கண் மூடியிருந்த நேரத்தில் கண் விழித்திருந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

டிசம்பர் 21 ஞாயிறு காலை பொள்ளாச்சியில் நடந்த தியான அமர்வைப் பற்றி வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம் "நல்லா நடத்துனீங்க" என்கிறார்கள். கேட்கக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. மைக்கைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அதில் பாதிக்கு மேல் நான் பேசவே இல்லை. அந்தப் பேசாத நேரத்தை யாரும் வந்து கெடுத்துவிடாமல் பார்த்துக்கொண்டது வேறு ஆட்கள். அவர்களில் பலர் அன்றைக்குக் கண்ணை மூடவே இல்லை. அவர்களுக்குத்தான் இந்த மடல். கூச்சப்படுவார்கள் என்பதால் யார் பெயரையும் போடவில்லை. படித்தால் யாருக்கு எது என்று அவரவருக்கே தெரியும்.

ஏன் அந்தத் தேதி என்று சிலர் கேட்டார்கள். ஐ.நா. பொதுச்சபை 2024 டிசம்பரில்தான் டிசம்பர் 21-ஐ உலக தியான நாளாக அறிவித்தது. தீர்மானத்தை முன்னெடுத்த நாடுகளில் இந்தியா, இலங்கை, நேபாளம் மூன்றும் உண்டு. இந்த முறை அது ஞாயிற்றுக்கிழமையில் வந்தது எங்களுக்கு வசதியாகப் போனது. வந்தவர்களில் பெரும்பாலோர் தென்னைநார் மில்லில் வேலை பார்க்கும் பெண்கள். மற்ற நாளில் கூப்பிட்டால் ஒரு நாள் கூலி போகும்.

நர்ஸ் அக்காவிடமிருந்து ஆரம்பிக்கிறேன். மூச்சைக் கவனிக்கச் சொல்லித் தொடங்குவதுதான் வழக்கம், நானும் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன். வருகிறவர்களின் பட்டியலைப் பார்த்துவிட்டு அக்கா கேட்டது ஒரே கேள்வி: "நார்த்தூசியில நிக்கிறவங்க இவங்க. பாதிப் பேருக்கு இருமல், இளைப்பு. மூச்சைப் பாருன்னா எதைப் பார்ப்பாங்க?" இளைப்பு வந்து தவித்தவருக்கு மூச்சு என்றாலே பயம். அதைக் கண்ணை மூடிக்கொண்டு கவனி என்றால், கவனிக்கக் கவனிக்கப் பயம்தான் கூடும். தியானத்தில் சிலருக்குப் படபடப்பும் கலக்கமும் வருவதை அமெரிக்காவில் பிரவுன் பல்கலைக்கழகத்தின் வில்லோபி பிரிட்டன் போன்றவர்கள் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். அக்கா அதையெல்லாம் படித்தவர் இல்லை, வார்டில் பார்த்தவர்.

அதனால் மூச்சை விட்டுவிட்டுப் பாதத்திலிருந்து தொடங்கினோம். உள்ளங்கால் தரையில் படுகிற இடம், அப்புறம் கெண்டைக்கால், முட்டி, இடுப்பு என்று ஒவ்வொன்றாக மேலே வருவது. 1979-இல் மசாசூசெட்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-சின் தீராத வலியோடு வந்த நோயாளிகளுக்குக் கற்றுக்கொடுத்ததும் ஏறக்குறைய இதைத்தான். உட்கார்ந்தபடி செய்ய வேண்டியிருந்ததால், கையையும் தோளையும் இறுக்கிப் பிடித்துத் தளர விடுவதையும் நடுவில் சேர்த்தோம். அது எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் வகுத்த முறை. நாளெல்லாம் நார் அள்ளுகிற தோளுக்கு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. சும்மா தளர விடுங்கள் என்றால் தளராத தோள், இறுக்கிவிட்டு விட்டால் தானாக இறங்கிவிடுகிறது.

முந்தைய நாள் கூட்டத்தில் ஒரு பெரியவர், திருமூலர் பூரகத்துக்கு (மூச்சை இழுக்க) 16, கும்பகத்துக்கு (அடக்க) 64, இரேசகத்துக்கு (வெளியே விட) 32 என்று கணக்கே கொடுத்திருக்கிறாரே, அதைச் செய்தால் என்ன என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கும் அக்காதான் பதில் சொன்னார்: "ஐயா, அது குருவோட கூடவே உட்கார்ந்து வருசக் கணக்கா பழகறவங்களுக்கு. இங்க பிரஷர் மாத்திரை போடறவங்களை மூச்சை அடக்கச் சொல்ல முடியாதுங்க." பெரியவர் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். அவருக்கும் நன்றி. இதைக் கேட்க நினைத்துக் கேட்காமல் இருந்தவர்கள் கண்டிப்பாக இருந்திருப்பார்கள்.

கண்ணை மூடப் பிடிக்காதவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், நடுவில் எழுந்து போகலாம், முட்டி வலி உள்ளவர்களுக்கு நாற்காலி, வலிப்பு உள்ளவர்களும் மனநலத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்களும் முன்கூட்டியே அக்காவிடம் பேசிவிட வேண்டும், தியானம் செய்கிறோம் என்று மாத்திரையை நிறுத்தக் கூடாது. இத்தனையும் அவர் போட்ட விதிகள். அமர்வு முழுக்கக் கதவுப் பக்கம் ஸ்டூல் போட்டு, எல்லோர் முகமும் தெரிகிற மாதிரி உட்கார்ந்திருந்தார். நடத்துகிறவருக்குக் கூட்டத்தில் இப்படி ஒரு ஆள் கண்டிப்பாக வேண்டும். பேசிக்கொண்டே எல்லா முகத்தையும் பார்ப்பது ஒரு ஆளால் ஆகாது.

மைக் செட் அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. கல்யாணத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் செட் போடுகிறவர், முதல் தடவையாக "சத்தம் குறைவா வேணும்" என்று ஒருவர் கேட்டதால் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் அவருக்கு ஆர்வம் வந்துவிட்டது. முன்னால் இரண்டு பெரிய பாக்ஸ் வைத்தால் முதல் வரிசைக்கு அதட்டலாகவும் கடைசி வரிசைக்கு முணுமுணுப்பாகவும் கேட்கும் என்று சொல்லி, நான்கு சின்ன ஸ்பீக்கர்களைச் சுவரோரம் பிரித்து வைத்தார். மைக்கை வாய்க்கு நேராகப் பிடிக்காமல் தாடைக்குக் கீழே சாய்த்துப் பிடிக்கச் சொன்னார். 'பாதம்' என்று சொல்லும்போதெல்லாம் டப் டப் என்று அடித்தது அதோடு நின்றது. மைக்கின் தலையில் இருந்த பஞ்சு உறை போதாதென்று பழைய கைக்குட்டையை வேறு சுற்றினார். நான் பேசாமல் இருக்கும் நேரத்தில் ஸ்பீக்கர் இரைச்சல் கேட்கக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் குமிழை இறக்கி, நான் மூச்சை இழுக்கிறதைப் பார்த்து மறுபடி ஏற்றினார். முக்கால் மணி நேரமும் கை மிக்சரை விட்டு எடுக்கவில்லை. அந்த மண்டபத்தில் அன்றைக்கு ஆழ்ந்த கவனத்தோடு இருந்தவர் யார் என்று கேட்டால் நான் அவரைத்தான் கைகாட்டுவேன்.

ஓய்வு பெற்ற தமிழாசிரியை அம்மா தன் வீட்டுத் திண்ணையில் என்னை உட்கார வைத்து, எழுதி வைத்திருந்ததை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டார். மலை, நீரோடை, பொன்னொளி எல்லாம் பேனாவால் அடிபட்டன. "கண்ணு, அவங்களை எங்கயும் கூட்டிட்டுப் போகாதே. இருக்கிற இடத்துலயே இருக்க விடு," என்றார். எங்கெல்லாம் வரி போனதோ அங்கெல்லாம் ஓரத்தில் விநாடிக் கணக்கு எழுதினார்: 20, 30, ஒரு இடத்தில் 90. கூட்டத்துக்கு முன்னால் ஒன்றரை நிமிடம் வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து மடியில் விரலால் எண்ணிக்கொண்டிருந்தார். அந்த விரலைப் பார்த்துத்தான் பொறுத்திருந்தேன்.

மார்கழி மாதக் காலையில் தியானம் வைத்தால் கோயில் ஒலிபெருக்கி இருக்கத்தானே செய்யும். நிறுத்தச் சொல்லிக் கேட்க எனக்கு மனம் இல்லை, அது ஊருக்குப் பொதுவான பாட்டு. கோயில் நிர்வாகத்தில் இருந்தவர்களே விசாரித்து, மண்டபத்தைப் பார்த்திருந்த குழாயை மட்டும் வேறு பக்கம் திருப்பிக் கட்டினார்கள். மீதி வந்த பாட்டை அமர்விலேயே சேர்த்துக்கொண்டோம்: தூரத்தில் கேட்பதைக் கேளுங்கள், அப்புறம் பக்கத்தில் கேட்பதை, அப்புறம் இரண்டுக்கும் நடுவில் இருப்பதை. மூச்சில் நிற்க முடியாதவர்களுக்குச் சத்தம் நல்ல பிடி. பாட்டு மொத்தமாக நின்றிருந்தால் எனக்குத்தான் சிரமமாகியிருக்கும்.

மண்டபத்து மேனேஜருக்கு ஒரு தனி வார்த்தை. வாடகை வாங்கவில்லை, கிறீச்சிடும் மின்விசிறியைத் தானே ஏணி வைத்து ஏறிச் சரிசெய்தார். ஊதுபத்தியும் சாம்பிராணியும் வேண்டாம் என்றதும் மட்டும் முகம் வாடிவிட்டது. ஊதுபத்தி இல்லாமல் என்ன தியானம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். இளைப்புக்காரர்கள் வருகிறார்கள் என்று சொன்னதும், வாசல் பிள்ளையாருக்கு ஒரு முழுக் கட்டு ஊதுபத்தியை ஏற்றி மனதை ஆற்றிக்கொண்டார்.

ஆழியாறு பக்கத்திலேயே இருப்பதால் வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை என்ற யோகப் பயிற்சியைப் பழகியவர்கள் எங்கள் ஊரில் நிறைய. 1911-இல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அவர் ஆழியாறில் அமைத்த அறிவுத் திருக்கோயிலுக்கு இங்கிருந்து பஸ் ஏறிப் போய்க் கற்றவர்கள். ஆக்கினை, துரியம் என்ற தியானப் படிகளை முறையாகப் பயின்ற அந்த நண்பர்கள் புதிதாக வந்தவர்களுக்கு நடுவே பிரிந்து உட்கார்ந்தார்கள். யார் முதுகையும் நிமிர்த்தவில்லை, யாருக்கும் பாடம் எடுக்கவில்லை. தெரிந்தவர்கள் தெரியாதவர்கள் மாதிரி இருப்பது பெரிய காரியம்.

கொல்லைப்புறத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட பிளஸ் டூ பிள்ளைகளுக்கும், ஜமுக்காளம் கொடுத்த வாடகைப் பாத்திரக் கடைக்காரருக்கும், ஹாரன் அடிக்காமல் தெருமுனையிலேயே நின்றுகொண்ட ஆட்டோ அண்ணன்களுக்கும் நன்றி. குழந்தைகளைப் பார்க்க ஆள் இல்லையென்றால் வந்த அம்மாக்களில் பலர் வந்திருக்கவே முடியாது. சுக்குக் காப்பி போட்ட அண்ணன் டம்ளர் சத்தம் கேட்கக் கூடாதென்று முன்கூட்டியே துணி விரித்து அடுக்கி வைத்திருந்தார். காப்பி ஆறிவிடும் என்ற கவலை வேறு. முடிந்தவுடன் எல்லோரும் எழுந்து ஓடி வர முடியாது, எழுந்தால் சிலருக்குத் தலை சுற்றும், விரலை அசைத்து, கண்ணைத் திறந்து, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத்தான் வருவார்கள் என்று சொல்லியிருந்தோம். பொறுமையாகக் காத்திருந்தார்.

கடைசியாக, வந்து உட்கார்ந்தவர்களுக்கு. ஒருவர் குறட்டை விட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரிக்கவும் இல்லை, தட்டி எழுப்பவும் இல்லை. விடியுமுன் எழுந்து சமைத்துவைத்துவிட்டு வந்தவருக்கு உட்கார்ந்த இடத்தில் தூக்கம் வந்தால் அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இன்னொருவர் அழுதார். அருகில் இருந்த பெண் உடனே பாய்ந்து அணைக்காமல், கையை மட்டும் பக்கத்தில் நீட்டி வைத்தார். அழுதவர் வேண்டும் என்று தோன்றியபோது பிடித்துக்கொண்டார். இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஏன் அழுதார் என்று இதுவரை யாரும் விசாரிக்காமல் இருப்பதற்கும் நன்றி.

அடுத்த அமர்வு பொங்கல் கழிந்து. நாள் முடிவானதும் மண்டப வாசல் பலகையில் எழுதிப் போடுகிறோம். முட்டியில் கை ஊன்றி எழுகிறவர்களுக்கு இன்னும் சில நாற்காலிகள் தேவைப்படும், வீட்டில் சும்மா கிடந்தால் கொடுத்து உதவுங்கள். அப்புறம், மண்டபத்தில் விட்டுப்போன மூக்குக்கண்ணாடி ஒன்று, பச்சை நிறச் சால்வை ஒன்று, ஜோடி மாறிய செருப்பு ஒன்று மேனேஜரிடம் இருக்கின்றன. செருப்பு மாறிப் போட்டுப் போனவர் கொஞ்சம் சீக்கிரம் வந்தால் நல்லது, இன்னொருத்தர் தினமும் வந்து கேட்கிறாராம்.

அன்புடனும் நன்றியுடனும்,
அமர்வை நடத்தியவர்