கட்டைவிரல் போட்டால் ஆர்டர் உறுதியா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். திருப்பூரில் சின்ன அளவில் ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக் கொடுக்கிறோம். ரேட் பேசுவது, சாம்பிள் படம் அனுப்புவது, பாக்கி கேட்பது எல்லாம் இப்போது வாட்ஸ்அப்பில்தான். 2022-ல் ரியாக்‌ஷன் வசதி (வந்த செய்தியின் மேலேயே கட்டைவிரல், கும்பிடு, இதயம் என்று ஒரு எமோஜியை ஒட்டுவது) வந்த பிறகு பலர் பதில் எழுதுவதையே விட்டுவிட்டார்கள். "ரவுண்ட் நெக், 2000 பீஸ், வெள்ளிக்கிழமை டெலிவரி, பேசின ரேட்தான், சரிங்களா?" என்று கேட்டால் ஒரு கட்டைவிரல் வருகிறது. சம்மதமா, இல்லை "பார்த்துட்டேன், அப்புறம் சொல்றேன்" என்பதா? பாக்கியைக் கேட்டாலோ கும்பிடு. அது நன்றியா, மன்னிப்பா, "ஆளை விடுங்க சாமி"யா, போட்டவருக்கே வெளிச்சம்.

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை. கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் 2021-ல் ஒரு விவசாயிக்கு, ஆளி விதை கொள்முதல் ஒப்பந்தத்தைப் படமெடுத்து அனுப்பி, உறுதி செய்யச் சொன்னது ஒரு தானிய நிறுவனம். அவர் கட்டைவிரல் போட்டார். விதை போய்ச் சேரவில்லை. அதற்குள் விலையும் ஏறிவிட்டது. "ஒப்பந்தம் வந்து சேர்ந்தது என்றுதான் சொன்னேன்" என்பது அவர் வாதம். இதற்கு முன் "ஓகே" என்று ஒற்றை வார்த்தையில் பதில் போட்டே சரக்கு கொடுத்திருக்கிறாரே என்று பார்த்த நீதிமன்றம், 2023-ல் அந்தக் கட்டைவிரலைக் கையெழுத்தாகவே எடுத்துக்கொண்டது. சுமார் 82,000 கனடிய டாலர் கட்டச் சொன்னது. மேல்முறையீட்டிலும் அந்தத் தீர்ப்புதான் நின்றது.

நம் பக்கத்து மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். அங்கேயும் வார்த்தை கிடையாது. ஆனால் எந்த விரலுக்கு என்ன கணக்கு என்பது இரண்டு பேருக்குமே அத்துப்படி. படியவில்லையென்றால் கையை உருவிக்கொண்டு அடுத்த ஆளைப் பார்க்கலாம். போனில் வரும் விரலுக்கு அப்படி ஒரு பொதுக்கணக்கு இல்லை. எங்களிடம் கணக்கு எழுதும் பையனுக்கு வெறும் கட்டைவிரல் வந்தால், "என்னங்க, கோவமா இருக்காங்களா?" என்று முகம் வாடிவிடுகிறது! அவன் வயதுக்காரர்களுக்கு அது வெடுக்கென்று பேசுவது போலப் படுகிறதாம். என் வயதுக்காரர்களோ துக்கச் செய்திக்குக் கூட அதையே அழுத்திவிட்டு, சொந்தத்துக்குள் மனத்தாங்கலை வாங்கிக்கொள்கிறார்கள்.

காதுகுத்துப் படங்களுக்கு எத்தனை இதயம் வேண்டுமானாலும் போடுங்கள், யார் கேட்கப் போகிறார்கள்? தொழிலில் மட்டும் வேண்டாம். பீஸ் எத்தனை, தேதி என்ன, ரேட் எவ்வளவு என்று எழுத்தில் வராமல் நாங்கள் எந்த ஆர்டரையும் லைனில் ஏற்றுவதில்லை. முதலில் முனகியவர்கள் இப்போது எழுதுகிறார்கள். ஒருவர் மட்டும் விடாப்பிடியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார். அதைக் கேட்டு எழுதி அவருக்கே திருப்பி அனுப்பி, "சரிங்க" வாங்கிக்கொள்கிறோம். தொழில் சங்கங்கள் ஜாப் ஒர்க் ஆர்டருக்கென்று நாலு வரியில் ஒரு மாதிரி வாசகம் தயாரித்துக் கொடுத்தால், தட்டச்சு செய்யச் சோம்பல்படுகிறவர்களும் அதைக் காப்பி எடுத்து ஒட்டிவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஜாப் ஒர்க் நடத்தும் வாசகர்,
திருப்பூர்.