கெடிலக் கரையிலிருந்து ஒரு தோட்டக் கடிதம்

திருப்பாதிரிப்புலியூர்,
கடலூர்.

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். அமெரிக்காவின் சான் டியாகோவில் உங்கள் மகள் வீட்டுத் தோட்டத்தில் லாவெண்டரும் ரோஸ்மேரியும் மிகக் குறைந்த தண்ணீரிலேயே ஆண்டுக்கணக்கில் நின்று பூக்கின்றன என்று எழுதி, அவற்றை இங்கே வளர்க்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள்.

லாவெண்டரை நான் முயன்று பார்த்துவிட்டேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் நட்ட ஆறு கன்றுகளும் சித்திரை வெயிலில் வாடினாலும் பிழைத்துக்கொண்டன. ஐப்பசி மழையில்தான் ஒன்றன்பின் ஒன்றாக வேர் அழுகி மடிந்தன. சான் டியாகோவில் ஆண்டு முழுவதற்கும் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் மழைதான். கடலூரில் 120 சென்டிமீட்டருக்கு மேல் பெய்கிறது, அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையாக மூன்றே மாதங்களில் கொட்டிவிடுகிறது. வறட்சி தாங்கும் செடி என்று நாம் நம்பி வைப்பதை இங்கே பெரும்பாலும் கொல்வது அந்த மூன்று மாதத் தேங்கு நீரே.

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது இதை மறுபடியும் கண்டேன். சமதரையில் இருந்த நித்தியகல்யாணி அத்தனையும் அழுகிவிட, மணலும் மட்கிய எருவும் கலந்து ஒரு முழ உயரம் மேடாக்கிய பாத்தியில் இருந்தவை மட்டும் தப்பின. இப்போது எந்தச் செடியையும் மேட்டுப்பாத்தியில்தான் வைக்கிறேன்.

அரளி எனக்கு மிகவும் பிடித்துப்போனது. அதன் இலையின் அடிப்பக்கத்தில் சிறு குழிகள் உள்ளன. சுவாசத் துளைகள் அவற்றுக்குள் மயிரிழைகளின் மறைவில் அமைந்திருப்பதால், கடற்காற்று வீசும் கோடையிலும் இலை ஈரத்தை எளிதில் இழப்பதில்லை. ஆனால் செடி முழுவதும் நஞ்சு என்பதால், பேரப்பிள்ளைகள் விளையாடும் பக்கம் வைக்காமல் வேலியோரமாக நட்டிருக்கிறேன். காகிதப்பூவுக்குத் தண்ணீரைக் குறைத்தால்தான் பூ மிகுகிறது. இலை சற்றுத் துவளும்வரை காத்திருந்து நீர் விடுகிறேன். டிசம்பர் பூ மழை ஓயும் வேளையில் ஊதா நிறமாய்ப் பூத்து மனத்தை நிறைக்கிறது. ஆவாரையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் பள்ளிக்கூடப் பாதையெங்கும் நின்ற செடிதானே!

நடுவதற்கு மழையின் தொடக்கமே ஏற்ற காலம். அப்போது வைத்தால் கோடைக்குள் வேர் ஆழமாக இறங்கிவிடும். முதல் ஆண்டுக் கோடையில் மட்டும் வாரத்துக்கு ஒருமுறை, மண் ஆழம்வரை நனையும்படி நீர் விட வேண்டும். தினமும் சிறிதளவு தெளித்தால் வேர் மேலாகவே படர்ந்து, இரண்டு நாள் தவறினாலும் செடி காய்ந்துவிடும். செடியடியில் மல்லாட்டை (நிலக்கடலை) தோலைப் பரப்பி மூடுகிறேன். மழைக்காலத்தில் அதைத் தண்டிலிருந்து ஒரு சாண் விலக்கிவிடுகிறேன்.

உங்கள் மகள் செடியடியில் சரளைக்கல் பரப்பியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். எத்தனை அங்குலக் கனம், வெயிலில் கல் சூடேறி வேரை வாட்டுவதில்லையா என்று கேட்டு எழுதுங்கள். கத்திரி வெயிலுக்கு முன் ஒரு பாத்தியில் மட்டும் செய்து பார்க்க எண்ணுகிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்