விவாகரத்து வழக்கில் இலவச சட்ட உதவி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குடும்பநல நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்ததும், காதில் கிடக்கும் கம்மலை அடகு வைத்து வக்கீல் தேடும் பெண்களை இன்றும் காண்கிறேன். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்கள் இலவச சட்ட உதவி பெறலாம் என்பதும், வழக்கறிஞர் கட்டணத்தோடு நீதிமன்றக் கட்டணமும் அதில் அடங்கும் என்பதும் அவர்களுக்குத் தெரிவதில்லை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். 15100 என்ற எண்ணிலும் விவரம் கேட்கலாம். வழக்கு நடக்கும்போதே இடைக்கால ஜீவனாம்சம் கோரலாம் என்பதைக்கூட அறியாமல், நீட்டிய தாளில் கையெழுத்திடுகிறார்களே என்பதுதான் என் வேதனை. சம்மனுடனேயே இவ்விவரங்களைத் தமிழில் அச்சிட்டு இணைக்க உயர் நீதிமன்றம் ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகி, தஞ்சாவூர்