1939 ஒரு ரூபாய்: ஏலம் கேட்கும் முன்

பெங்களூரு நாணயக் குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். ஆன்லைன் ஏலத்தில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் உருவம் பொறித்த, அரிதான 1939 ஒரு ரூபாய்க் காசைப் பார்த்தால் அவசரப்படாதீர்கள். 1938 காசின் 8-ஐச் சுரண்டி 9 ஆக்கி விற்கிறார்கள். கடைசி இலக்கத்தைப் பெரிதாக்கிய படம் கேளுங்கள். அதைச் சுற்றிக் கீறலோ பளபளப்பில் வேறுபாடோ தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

விளிம்புப் படம் கட்டாயம். 1939-க்கு நேர்வரிப் பற்கள் மட்டுமே. நடுவில் பள்ளம் ஓடும் பாதுகாப்பு விளிம்பு 1940-இல்தான் வந்தது. விளிம்பில் ஒட்டுக்கோடு, முகப்பில் ஊசிமுனைக் குழிகள் இருந்தால் அது வார்ப்புக் காசு, அதாவது உலோகத்தை உருக்கி ஊற்றிச் செய்த போலி.

எடை 11.66 கிராம். தராசில் வைத்த படம் வேண்டும். ஒரு கிராம் குறைந்தால் 'தேய்மானம்' என்ற பேச்சை ஏற்காதீர்கள்.

1818 என்று போட்ட அனுமன், ராமர் அரையணாக் காசு ஏலத்துக்கு வந்தால்? அதுவும் போலிதான்; கிழக்கிந்தியக் கம்பெனி அப்படியொன்றை அச்சடிக்கவே இல்லை.

சந்தேகமா? இரு பக்கமும் விளிம்பும் சேர்த்து, ஏலம் முடியுமுன் இங்கே போடுங்கள்.